திரையில் நின்றுபோன 3.4

பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் போகும் வழியில், தார்ச்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு பால் சொசைட்டி. காலை ஐந்தரைக்கே தூக்குப்போசியும் கேனுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். பாதிப் பேர் எங்களைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், மீதிப் பேர் மலையாளம். செக்ரட்டரி சேச்சி இரண்டையும் கலந்து பேசுவார். பால் ஊற்றினால் எடை, ஃபேட், எஸ்என்எஃப் எனப்படும் கொழுப்பில்லாத திடச்சத்து, லிட்டருக்கு என்ன விலை என்ற நான்கும் ஒரு சின்னத் திரையில் வரும். பிறகு சீட்டு அச்சாகும். அந்தப் பெட்டியைச் செய்த கோயம்புத்தூர்க் கம்பெனியில்தான் அப்போது நான் வேலை பார்த்தேன். திரைக்குப் படம் அனுப்பும் பகுதி என் பொறுப்பு.

2019 ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஓர் ஆத்தா பால் ஊற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஃபேட் 3.4 என்று காட்டியது.

"ஏனுங் சேச்சி, எம்பட மாட்டுப் பாலு என்னைக்குங்க மூணே நாலு வந்திருக்குது? நாலுக்குக் கீழ எறங்குனதே இல்லீங்களே."

சேச்சி சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சீட்டில் 4.2. ஆத்தாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. "பொட்டியில ஒண்ணு, சீட்டுல ஒண்ணுன்னா எதைங்க நம்பறது?" வரிசையில் நின்றவர்களும் பழைய சீட்டுகளை மடியிலிருந்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று மத்தியானம் சேச்சி எனக்குப் போன் செய்தார். "தம்பீ, ஆளுக என்னைக் கள்ளியாட்டம் பார்க்கிறாங்க. பதினெட்டு கொல்லமாயி (வருஷமா) நான் இங்க இருக்கேன். இது சரியாக்கித் தரணும்."

அந்த 3.4, ஆத்தாவுக்கு முன்னால் ஊற்றியவருடைய எண். பழைய ஆளின் எண் திரையை விட்டுப் போகாமல் நின்றிருக்கிறது. கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை, சீட்டும் சரி. ஆனால் வரிசையில் நிற்கிறவர்களுக்குத் திரைதான் சாட்சி. சீட்டு வாங்கும்போது பால் கேனுக்குள் போயிருக்கும், திரையைப் பார்க்கும்போதுதான் பால் கண்ணெதிரில் இருக்கும்.

பெட்டிக்குள் இருந்தது கைபேசிக்காகச் செய்த சிப். திரையும் கைபேசிக்காகச் செய்த 5 அங்குலப் பேனல், மொத்தமாக வாங்கினால் மலிவு. இந்த வகைப் பேனலுக்குப் படத்தைப் பிடித்துவைக்கச் சொந்த நினைவகம் உண்டு. கமாண்ட் மோடு என்பார்கள். சிப் புதுப் படம் அனுப்பும்வரை கையில் இருக்கும் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பாட்டரியில் ஓடும் சாதனத்துக்கு இது பெரிய வரம். வீடியோ மோடு பேனலில் சிப் நிறுத்தாமல் படத்தை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஊற்றுவது தடைப்பட்டால் திரை நடுங்கும், கோடு விழும், பார்த்த உடனே கோளாறு தெரியும். கமாண்ட் மோடு பேனலில் அனுப்பிய படம் வழியில் தொலைந்தால் ஒரு அறிகுறியும் இருக்காது. பழைய எண் பளிச்சென்று, துல்லியமாக நிற்கும். தவறான தகவலை இவ்வளவு அழகாகக் காட்டும் கோளாறு வேறெதையும் நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் விடியற்காலையில் சொசைட்டியிலேயே போய் உட்கார்ந்தேன். கைபேசியைத் திரைக்கு நேராகக் கட்டிவைத்து ஸ்லோமோஷனில் படம் பிடித்தேன், பக்கத்தில் எங்கள் நிரலின் பதிவு ஓடியது. நிரல் சொல்கிறது: வரைந்தேன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் "இதைக் காட்டு" என்று கேட்டேன், சரி என்று பதில் வந்தது. கேமரா சொல்கிறது: திரை மாறவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் இடைவெளி விழுந்தால்தான் இப்படி. வரிசை மடமடவென்று நகரும்போது ஒருமுறைகூட வரவில்லை. அதனால்தான் ஆபீஸ் மேசையில் எங்களுக்கு இது சிக்கவே இல்லை. நாங்கள் சோதிக்கும்போது வரிசையாகத் தட்டிக்கொண்டே இருந்தோம்.

இனி, திரையை இயக்கும் கெர்னல் பகுதியான டிரைவருக்குள் போக வேண்டும். போர்டு செய்தவர்கள் கெர்னல் மூலநிரலை ஒரே சுருக்கக் கோப்பாகக் கொடுத்திருந்தார்கள். 3.10 கெர்னல். அது வெளிவந்தது 2013இல், அதன் நீண்டகாலப் பராமரிப்பும் 2017இல் முடிந்துவிட்டது. மாற்றங்கள் எல்லாம் ஒரே கமிட்டாக, அதாவது ஒரே மாற்றப் பதிவாக, கொட்டியிருந்தன. யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பதற்குத் தடயம் கிடையாது. திரைப் பகுதி முழுக்க அவர்களே எழுதிய தனிக் கட்டமைப்பு. வெளிப்பார்வைக்கு எஃப்பி0 என்ற பழைய ஃபிரேம்பஃபர் முகம் (திரைப் படத்தை நிரல் நேரடியாக எழுதும் நினைவிடம்), உள்ளே ஆயிரக்கணக்கான வரிகளில் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு.

கோளாறு இருந்த இடம் பத்து வரிகூட இல்லை. சில விநாடி சும்மா இருந்தால் பேனலுக்குப் போகும் இணைப்பின் கடிகாரத்தை டிரைவர் அணைத்துவிடும். அடுத்த படம் வந்ததும் எழுப்பும். எழுந்தபின், "இப்போது அனுப்பலாம்" என்று பேனல் ஒரு தனிக் கம்பியில் சொல்லும் டிஇ சிக்னலுக்காகக் காத்திருக்கும். சில நேரம் அந்த சிக்னல் தவறிப்போகும். காத்திருக்கும் கெடு தீர்ந்துவிடும், படம் போகாது. அங்கே டிரைவர் செய்தது என்னவென்றால், பிழை தேடுபவர்கள் மட்டும் பார்க்கும் டீபக் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே சுழியத்தைத் திருப்பியது. சுழியம் என்றால் வெற்றி. எங்கள் நிரலும் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

பிழை எண்ணைத் திருப்பும்படி மாற்றினேன். பிழை வந்தால் மறுபடி அனுப்பு என்று எங்கள் நிரலிலும் எழுதினேன். பென்டிரைவில் எடுத்துப்போய் அந்தச் சொசைட்டியில் ஏற்றினேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. எங்கள் பக்கம் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழையின் இடி கடுமையாக இருக்கும். இடி விழுந்த மறுநாள் காலை திரை வெள்ளையாக நின்றது. மின்னதிர்வில் பேனல் தானாக ரீசெட் ஆனால் அதைக் கண்டுபிடித்து மீட்பதற்கு அந்த டிரைவரில் ஒரு வழி இருந்தது. ஆனால் அந்த மீட்பு வேலையும் படம் அனுப்பும் வேலையும் ஒரே நேரத்தில் ஒரே இணைப்பைப் பிடித்து மோதின. அதையும் ஒட்டுப் போட்டேன். அடுத்த லாட்டில் வந்த பேனலில் உள்ளிருக்கும் கன்ட்ரோலர் ஐசி வேறு. அதைச் சேர்க்க அவர்களுடைய தனி வடிவத்தில் ஒரு அட்டவணை, சாதனம் தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் பூட்லோடரில் அதே அட்டவணையின் இன்னொரு நகல், இரண்டும் ஒத்துப்போக ஒரு பெயர். விளக்கம் கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. அந்த சிப்பை அவர்கள் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பொதுவழி என்று எதைச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். லினக்ஸில் திரைக்கான பொதுக் கட்டமைப்பு டிஆர்எம், அதில் திரை அமைப்பைக் கவனிக்கும் பகுதி கேஎம்எஸ். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை வாய்க்காலை வைத்துத்தான் சொல்வேன். ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தராவுக்கு வந்து, மதகு திறந்து, இடக்கரை வலக்கரைக் கால்வாயில் பிரிந்து, கிளை வாய்க்கால் வழியாக வயல் மடைக்கு வருகிறது. படமும் அப்படித்தான். பிளேன் என்பது ஒவ்வொரு படலமாக வரும் ஓடை. சிஆர்டிசி அவற்றைக் கலந்து, நேரம் கணக்கிட்டுத் திறந்துவிடும் மதகு. என்கோடர் அதைக் கம்பிக்கேற்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. கனெக்டர்தான் மடை, அதற்கப்பால் பேனல். எந்த சிப்பாக இருந்தாலும் இந்தப் பெயர்கள், இந்த வரிசை, கேட்கும் முறை எல்லாம் ஒன்றுதான். தனிக் கட்டமைப்பில் ஒவ்வொரு தோட்டக்காரரும் தன் இஷ்டத்துக்குக் குழாய் புதைத்திருப்பார். தண்ணீர் வரும்வரை யாருக்கும் குறையில்லை. நின்றுபோனால் எங்கே தோண்டுவது என்பது புதைத்தவருக்குத்தான் தெரியும்.

தனியாகக் குழாய் புதைத்தவர்கள் எல்லோரும் வீம்புக்குச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேஎம்எஸ் 2009இல் 2.6.29 கெர்னலோடு வந்தபோது மேசைக் கணினிகளைத்தான் மனதில் வைத்திருந்தது, முதலில் ஓடியதும் இன்டெல் கிராபிக்ஸில். கைபேசியின் தேவை வேறு. மேலே நிலைப்பட்டை, நடுவில் செயலி, அடியில் பின்னணி என்று நாலைந்து படலங்கள் ஒரே நொடியில் சேர்ந்து மாற வேண்டும். ஒன்று மாறி ஒன்று மாறாமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அன்றைய கேஎம்எஸ்ஸில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மாற்ற முடியும். படம் வரையும் நினைவிடமான ஒரு பஃபரில் கிராபிக்ஸ் சிப் வரைந்து முடித்ததா என்று தெரிவிக்கும் ஃபென்ஸ் ஏற்பாட்டையும் ஆண்ட்ராய்டு வெளிப்படையாகக் கேட்டது, அதுவும் அங்கே இல்லை. அதனால் கூகுளின் ஆண்ட்ராய்டு கெர்னல் அணி 2013இல் ஏடிஎஃப் என்ற தனிக் கட்டமைப்பை முன்வைத்தது. அடாமிக் டிஸ்ப்ளே ஃபிரேம்வொர்க் என்பது முழுப் பெயர். இருக்கும் கேஎம்எஸ்ஸை வளர்க்காமல் இன்னொன்று எதற்கு என்று டிஆர்எம் உருவாக்குநர்கள் கேட்டார்கள்.

அந்தக் கதை முடிந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏடிஎஃப், எல்லோருக்கும் பொதுவான மெயின்லைன் கெர்னலில் சேரவே இல்லை. ஆனால் அது கேட்டவை எல்லாம் சேர்ந்தன. எல்லாப் படலங்களையும் ஒரே கோரிக்கையில் மாற்றும் அடாமிக் வசதி 2015இல் வந்த 4.2 கெர்னலிலேயே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. வெளிப்படையான ஃபென்ஸ்கள் 2017 பிப்ரவரியில் 4.10இல் வந்தன. ஆண்ட்ராய்டின் திரை அடுக்கை நேரடியாக டிஆர்எம் மேல் ஓட்டும் டிஆர்எம் ஹெச்டபிள்யூகம்போசர் என்ற திறமூலத் திட்டமும் வளர்ந்தது. அதே காலத்தில், 2015இல், பழைய ஃபிரேம்பஃபர் பகுதியைப் பராமரித்தவர் இனி அங்கே புது டிரைவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டார். ஆக, நாங்கள் 2019இல் கையில் வைத்திருந்தது நான்கு வருடம் முன்பே கதவடைத்த ஒரு வழி.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே சோதனை வந்தது. கிராபிக்ஸ் அட்டை செய்யும் ஏஎம்டி தன் புதுத் திரைக் குறியீட்டை, ஏறக்குறைய ஒரு லட்சம் வரி, வேறு இயங்குதளங்களோடும் பகிர்ந்துகொள்ளும் ஓர் அடுக்கோடு கொண்டுவந்தபோது, டிஆர்எம் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி 2016 டிசம்பரில் அதை அப்படியே ஏற்க மறுத்தார். அவர்கள் பொதுவழிக்கு ஏற்றபடி திருத்தி எழுதினார்கள், 2018 ஜனவரியில் வந்த 4.15இல் அது சேர்ந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வலித்திருக்கும். ஆனால் இன்று அந்த அட்டை வைத்திருக்கிற யாரும் டிரைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். தேடிப் பார்த்ததில், எங்கள் சிப்புக்கு மெயின்லைன் கெர்னலில் டிஆர்எம் டிரைவர் ஏற்கெனவே இருந்தது. பழைய போன்களை உயிரோடு வைத்திருக்க நினைத்தவர்கள் எழுதியது. 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டத்தின் குறிப்புகளில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்தது. பழைய ஆண்ட்ராய்டு கெர்னலிலேயே ஓட வேண்டிய சில போன்களுக்காக அவர்களிடம் ஒரு குட்டி நிரல் இருக்கிறது. அதன் ஒரே வேலை, "திரையைப் புதுப்பி, திரையைப் புதுப்பி" என்று கெர்னலிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது. சேச்சியின் மேசையில் நடந்த அதே நோய், உலகின் இன்னொரு மூலையிலும் அதற்குக் கஷாயம் காய்ச்சியிருக்கிறார்கள். உபுண்டு டச், செயில்ஃபிஷ் போன்ற கைபேசி இயங்குதளங்கள் லிப்ஹைப்ரிஸ் என்ற பாலத்தின் வழியாக ஆண்ட்ராய்டின் டிரைவர்களையே பயன்படுத்திக்கொள்ளும் வேறொரு வழியில் போயின. போனை உடனே ஓடவைக்க அது நல்ல வழி. ஆனால் கோளாறு நமக்குத் தெரியாத அந்த டிரைவருக்குள் இருந்தால் பாலம் உதவாது.

பேனலுக்கு மட்டும் நான் டிரைவர் எழுத வேண்டியிருந்தது. பழைய கெர்னலின் அட்டவணையில் பதினாறடிமான எண்களாகக் கிடந்த தொடக்கக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசியில் வழக்கமானவை: உறக்கத்திலிருந்து எழு என்ற 11, பிறகு 120 மில்லிசெகண்ட் காத்திருப்பு, டிஇ சிக்னலைத் திற என்ற 35, திரையைக் காட்டு என்ற 29. டிஆர்எம்மில் பேனல் டிரைவருக்கு முக்கியமாக நாலு செயல்கள்: ஆயத்தம், காட்டு, நிறுத்து, ஆயத்தத்தைக் கலை. முந்நூறு வரிக்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் மற்ற பேனல் டிரைவர்களைப் பார்த்து எழுதியதுதான், அப்படிப் பார்த்து எழுத முடிவதே பெரிய விஷயம்.

முதல் இரவு திரை கருப்பு. ரீசெட் கம்பி எந்த நிலையில் வேலை செய்யும் என்பதை, வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் தலைகீழாக எழுதியிருந்தேன், அதனால் பேனல் முழுநேரமும் ரீசெட்டிலேயே இருந்தது. அது தெரிந்தபின் படம் வந்தது, ஆனால் தொடங்கும்போது ஒரு வெள்ளை வெட்டு வெட்டியது. பேக்லைட்டை முதல் படம் போய்ச் சேருவதற்கு முன்பே ஏற்றிவிட்டேன். ஆயத்தத்தில் மின்சாரமும் கட்டளைகளும், படம் ஓட ஆரம்பித்தபின் காட்டு என்ற செயலில் பேக்லைட் என்று பிரித்துவைத்ததன் காரணம் அப்போது விளங்கியது.

இந்த இடத்தில் மோட்டெஸ்ட் என்ற கருவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லிப்டிஆர்எம் என்ற டிஆர்எம் நூலகத்தோடு வருகிறது. நம் நிரல் எதுவும் இல்லாமலே திரையில் வண்ணப் பட்டைகளை வரையும். கனெக்டர் இணைந்திருக்கிறதா, என்ன அளவுகள் கிடைக்கும், எந்தப் பிளேன் எந்த வண்ண வடிவத்தை ஏற்கும் என்று பட்டியல் போடும். கோளாறு நம் நிரலிலா டிரைவரிலா என்ற சண்டை ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில், டிஆர்ஐ அடைவுக்குள் ஸ்டேட் என்ற கோப்பைத் திறந்தால் இந்த நொடியில் எந்தப் பஃபர் எந்த மடைக்குப் போகிறது என்பது அப்படியே எழுத்தில் இருக்கும். பழைய டிரைவரில் இதைத் தெரிந்துகொள்ள மூன்று விடியற்காலையும் ஒரு கேமராவும் தேவைப்பட்டன.

எங்கள் பழைய நிரல் எஃப்பி0வில்தான் வரைந்துகொண்டிருந்தது. டிஆர்எம் பழைய ஃபிரேம்பஃபர் முகத்தையும் போலியாகக் காட்டும், அதனால் முதல் நாளே அந்த நிரல் மாற்றமில்லாமல் ஓடியது. அங்கேயே நின்றுவிடலாம் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த முகத்தில் படம் போய்ச் சேர்ந்ததா என்று திரும்பச் சொல்ல வழியில்லை, ஆத்தா கேட்ட கேள்வி அப்படியே இருக்கும். கேஎம்எஸ்ஸில் புதுப் படத்துக்கு மாற்று என்று, அதாவது பேஜ் ஃபிளிப், கேட்டால், அந்தப் படம் உண்மையில் போன பிறகு ஒரு நிகழ்வு திரும்பி வரும். நிரலை இப்படி மாற்றினோம்: ஒருவரின் எண் உள்ள படத்துக்கு அந்த நிகழ்வு வந்தால்தான் சீட்டு அச்சாகும். 300 மில்லிசெகண்டுக்குள் வராவிட்டால் பெட்டி பீப் அடிக்கும், சீட்டு நிற்கும். டிஇ சிக்னல் தவறி நிகழ்வு வரவே இல்லையென்றால் கெர்னலே 10 விநாடி பொறுத்து, "ஃபிளிப் டன் டைம்டு அவுட்" என்று பிழையாகவே பதிவில் எழுதும். யாரும் மறைக்க முடியாத இடத்தில் எழுதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த நிகழ்வு, கன்ட்ரோலர் படத்தை அனுப்பி முடித்தது என்பதற்குச் சாட்சி. ரிப்பன் கழன்றிருந்தாலோ பேனல் செத்திருந்தாலோ அதற்குத் தெரியாது. அதனால் பேனலின் நிலைப் பதிவேட்டை இடைவெளி விட்டுப் படித்துப் பார்ப்பதையும் சேர்த்தேன். இடிக்காலத்துக்கு அது தேவைப்பட்டது.

நிரலை மாற்றும்போது எழுத்தையும் சரிசெய்தோம். முன்பு தமிழ், மலையாளச் சொற்களைப் படங்களாக வெட்டி வைத்திருந்தோம். வெறும் ஃபிரேம்பஃபரில் எழுத்தை நாமே வரைந்தால், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் "கொ" மாதிரி எழுத்துகளைக் கோக்க ஆளில்லை. அது டிரைவரின் வேலையும் இல்லை, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் செய்ய வேண்டியது. பொதுவழிக்கு வந்ததும் அதைப் பயன்படுத்தும் சாதாரண கருவித்தொகுப்புகள் தாமாகவே ஓடின. விலைப்பட்டியலில் புது வரி வந்தால் இப்போது யாரும் படம் வெட்டுவதில்லை.

இழந்ததும் உண்டு. போர்டு செய்தவர்கள் கொடுத்த வெண்டர் கெர்னலில் இருந்த சில மின்சேமிப்பு வித்தைகள் மெயின்லைனில் இல்லை. கரண்ட் போனால் ஆறு மணி நேரம் ஓடிய பெட்டி ஐந்து மணி நேரத்தில் தளர்ந்தது. எங்கள் பக்கம் காலைக் கறவை முடிய இரண்டரை மணி நேரம், அதனால் ஏற்றுக்கொண்டோம். பாட்டரியே உயிர் என்ற சாதனமாக இருந்தால் என் முடிவு வேறாகவும் இருந்திருக்கலாம். சிப்புக்கு மெயின்லைன் டிரைவரே இல்லை, இரண்டு வருடத்தில் பொருளை விற்று முடிக்கப்போகிறீர்கள் என்றாலும் வெண்டர் கெர்னலிலேயே ஓட்டுங்கள், டிரைவரை அடியிலிருந்து எழுதுவது ஒரு ஆளின் வேலை கிடையாது. அப்போதும் அதன் பிழை எண்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பாருங்கள். எங்கெல்லாம் கெடு தீர்ந்ததும் சுழியம் திரும்புகிறது என்று தேடினாலே பாதி இரவுகள் மிச்சமாகும்.

பிறகு 7 அங்குலத் திரையோடு அடுத்த மாடல் செய்தபோது சிப் வாங்கும் முன்பே கேட்கக் கற்றுக்கொண்டோம். விற்பவரிடம் "டிஆர்எம் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது, இப்போதெல்லாம் எல்லோரும் ஆமாம் என்பார்கள். சில வெண்டர் கெர்னல்களில் பெயர் டிஆர்எம், உள்ளே பாதி வேலை தனிக் கோரிக்கைகளில் நடக்கும். மாதிரி போர்டை வரவழைத்து, அவர்கள் கொடுத்த மென்பொருளைத் தொடாமல், மோட்டெஸ்ட்டில் பட்டை வருகிறதா, அடாமிக் முறையில் கேட்டாலும் வருகிறதா என்று பார்ப்போம். மெயின்லைன் கெர்னலை ஏற்றி அதையே மறுபடி. இரண்டிலும் வந்தால்தான் விலை பேசுவோம்.

அந்த 7 அங்குலத் திரை வீடியோ மோடு, 1024க்கு 600. அதற்குப் புது டிரைவரே வேண்டியிருக்கவில்லை, பேனல்சிம்பிள் என்ற பொது டிரைவரில் நேர அளவுகளைச் சேர்த்தால் போதும். முதலில் படம் பக்கவாட்டில் நழுவியது. அகலத்தின் ஓரங்களைச் சேர்த்து மொத்தம் 1344, உயரத்தில் 635, விநாடிக்கு 60 முறை. பெருக்கினால் 5 கோடியே 12 லட்சம் சொச்சம், அதாவது பிக்சல் கடிகாரம் 51.2 மெகாஹெர்ட்ஸ். நான் எழுதிய ஓர அளவுகளின் கூட்டல் 1344 வரவில்லை. டேட்டாஷீட்டில் உள்ள கடிகாரமும் மொத்த அளவுகளும் பெருக்கலில் பொருந்துகின்றனவா என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இப்போது கெர்னலைத் தொடுகிறேன். பூட்லோடர் வரைந்த லோகோ நடுவில் அணையாமல் தொடரவும் இந்தத் திரையில் வழி கிடைத்தது. 2021இல் 5.14 கெர்னலோடு வந்த சிம்பிள்டிஆர்எம், பூட்லோடர் விட்டுச்சென்ற படத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறது. 5 அங்குலப் பேனலில் இது உதவாது. அங்கே யாராவது அனுப்பினால்தானே படம்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து சில வருடம் ஆகிறது. பெட்டிகள் ஓடுகின்றன. சித்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் இப்போது அவற்றைப் பார்த்துக்கொள்கிறான். முதல் வாரம் என்னிடம் வந்து, "அண்ணா, எங்கிருந்து படிக்கறதுங்க?" என்று கேட்டான். நான் என் குறிப்பேட்டைக் கொடுக்கவில்லை. கெர்னலின் ஆவணத்தில் டிஆர்எம் பகுதியையும், மரத்தில் இருக்கும் பேனல் டிரைவர்களில் இரண்டையும் காட்டினேன். பத்து நாளில் என் முந்நூறு வரியைப் படித்து, அதில் நிறுத்தும் வரிசையில் நான் விட்டிருந்த ஒரு தவறைத் திருத்தி அனுப்பினான்.

போன வாரம் சொசைட்டிக்குப் போயிருந்தேன். சேச்சி ஓய்வு பெறும் வருடம் இது. ஆத்தா வரவில்லை, அவர் பேத்தி ஊற்றினாள். திரை 4.1 காட்டியது, சீட்டிலும் 4.1. அவள் சீட்டைப் பார்க்காமலே மடித்துக்கொண்டு கிளம்பினாள்.

இன்று காலை தம்பியிடமிருந்து செய்தி. 5 அங்குலப் பேனலில் இன்னொரு புது லாட் வந்திருக்கிறது, ஐடி வேறு. டேட்டாஷீட்டை அவனே முழுக்கப் படித்துவிட்டான். 11க்குப் பிறகு இது 120 கேட்கவில்லையாம், 200 மில்லிசெகண்ட். பேட்ச் எழுதிவிட்டேன், சாயங்காலக் கறவையில் போட்டுப் பார்க்கிறேன் அண்ணா என்று அனுப்பியிருக்கிறான்.